தாமாகவே ஒன்றுசேரும் புரதத் துணுக்குகள்: மருத்துவம் எதிர்பார்ப்பது என்ன?

கண்டி நகரிலிருந்து தேயிலை நூதனசாலைக்கு ஏறிச் செல்லும் ஹந்தானை வீதியில் தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவனம் அமைந்துள்ளது. நகரத்தவர் பலருக்கு அது பேருந்திலிருந்து பார்த்துக் கடந்து செல்லும் ஒரு பெயர்ப்பலகை மாத்திரமே. ஆயினும் 1984 ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தின் பணிப்பாளராகப் பொறுப்பேற்றவர் உலகறிந்த ஓர் இரசாயனவியலாளர் என்பதை இளந்தலைமுறையினர் அறிந்திருத்தல் நன்று. காலியிற் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் பட்டம் பெற்று, பின்னர் லண்டனிலும் கலிபோர்னியாவிலும் இரசாயனவியல் பயின்ற பேராசிரியர் சிறில் பொன்னம்பெருமவே அவர்.

அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவில் பணியாற்றிய காலத்தில் அவர் தேடியது ஒரேயொரு கேள்விக்கான விடையையே எனலாம். உயிர் தோன்றுவதற்கு முன்னர் இப்பூமியிலிருந்த சடப்பொருட்கள், எவரும் கோத்துக் கொடுக்காமல் தாமாகவே இணைந்து, உயிருக்கு வேண்டிய மூலக்கூறுகளாக மாறியது எவ்வாறு? 1969 செப்டெம்பரில் அவுஸ்திரேலியாவின் மேர்ச்சிசன் என்ற ஊரில் விழுந்த விண்கல்லில் அமினோ அமிலங்கள் இருப்பதை அவரது குழுவினர் 1970 இல் வெளியிட்டபோது உலகமே வியந்தது. புரதங்களின் அடிப்படை அலகுகள் விண்வெளியிலும் உருவாகின்றன என்பதற்கு அது உறுதியான சான்றாயிற்று.

பொன்னம்பெரும 1994 இல் மறைந்தார். அவர் எழுப்பிய கேள்வியின் நெருங்கிய உறவான மற்றொரு கேள்வி இன்று சத்திரசிகிச்சைக் கூடத்திற்குள் நுழைந்திருக்கின்றது. அமினோ அமிலங்களாலான சிறு துணுக்குகள் தாமாகவே ஒழுங்காக அடுக்கிக்கொள்ளும் இயல்புடையனவாயின், அவ்வியல்பைக் கொண்டு குருதிப்பெருக்கை நிறுத்தவும், பழுதடைந்த பல்லைச் சீர்செய்யவும், மருந்தை உடலில் தேக்கிவைக்கவும் இயலுமா என்பதே அது. சிலவற்றில் இயலும் என்ற விடை கிடைத்துவிட்டது. வேறு சிலவற்றில் செய்தித் தலைப்புகள் ஆய்வைக் காட்டிலும் வேகமாக ஓடிக்கொண்டிருக்கின்றன. இவ்விரண்டையும் பிரித்தறிவது நோயாளருக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும் அவசியமானது.

கடற்பாசியும் வட்டிலப்பமும்

தஸ்பீஹ் மணிமாலையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மணியும் ஓர் அமினோ அமிலம். எமது உடல் பயன்படுத்தும் மணிகள் பிரதானமாக 20 வகைப்படும். சில மணிகளே கோக்கப்பட்ட குறுகிய மாலை பெப்டைட்டு எனப்படும். நூற்றுக்கணக்கான மணிகளைக் கொண்ட நீண்ட மாலை புரதமாகும். மணிகளுள் சில நீரை விரும்புபவை, சில நீரைக் கண்டு ஒதுங்குபவை, சில நேர் மின்னேற்றமும் சில மறை மின்னேற்றமும் கொண்டவை. எந்த மணிக்கு அடுத்து எந்த மணி என்ற வரிசையே மாலையின் போக்கைத் தீர்மானிக்கின்றது.

மாலைகள் தாமாக ஒன்றுசேர்வது எவ்வாறு என்பதை அறிய ஆய்வுகூடம் செல்ல வேண்டியதில்லை. நோன்புகாலத்தில் முஸ்லிம் வீடுகளிற் காய்ச்சப்படும் கடற்பாசியைப் பாருங்கள். சிறிதளவு பாசியைக் கொதிநீரிற் கரைத்து ஆறவிட்டால், அதன் நீண்ட மூலக்கூறுகள் ஒன்றையொன்று முறுக்கிக் கற்றையாகி ஒரு வலையை அமைக்கின்றன. தட்டிலுள்ளதில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட பங்கு வெறும் நீரே. ஆயினும் கத்தியால் வெட்டலாம். மீண்டும் சூடாக்கினால் அது கரைந்துவிடும். ஏனெனில் அங்கு புதிய இரசாயனப் பிணைப்பு எதுவும் உருவாகவில்லை. மென்மையான கவர்ச்சிகளே மூலக்கூறுகளைப் பிடித்து வைத்திருந்தன. வட்டிலப்பத்தின் கதை வேறு. முட்டைப் புரதம் ஒருமுறை வெந்து இறுகினால் எத்தனை முறை சூடாக்கினாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. விஞ்ஞானிகள் நாடுவது பெரும்பாலும் கடற்பாசியின் வழியையே.

சென்னையும் கங்காருவின் வாலும்

புரத இழைகள் தாமாக ஒன்றுசேரும் இக்கதையின் முக்கிய அத்தியாயம் ஒன்று தமிழ்நாட்டில் எழுதப்பட்டது. லண்டனில் பொன்னம்பெருமவின் ஆசிரியராக விளங்கிய ஜே.டி. பெர்னால் 1952 இல் சென்னைக்கு வந்திருந்தார். தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றைத் தாங்கி நிற்கும் கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னமும் சரியாகக் கண்டறியப்படவில்லை என்று அவர் அங்கு குறிப்பிட்டார். அதனைக் கேட்டவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இளம் பௌதிகவியல் பேராசிரியர் ஜி.என். இராமச்சந்திரன். அருகிலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தமை அவருக்கு வாய்ப்பாயிற்று. அங்கிருந்து பெற்ற கங்காருவின் வாற்றசைநாணை எக்ஸ் கதிரால் ஆராய்ந்து, கோபிநாத் கர்த்தாவுடன் இணைந்து 1954 இல் அவர் வெளியிட்ட முடிவு, கொலாஜன் என்பது மூன்று புரத இழைகள் சேர்ந்த கயிறு என்பதாகும்.

மேனாட்டில் இதற்கு எதிர்ப்புக் கிளம்பியது. பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் 1955 இல் தமது மாதிரியை முன்வைத்து, சென்னை மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருப்பதாகக் குறைகூறினர். இராமச்சந்திரன் சினங்கொண்டு ஒதுங்கிவிடவில்லை. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதையே ஆராயத் தொடங்கினார். ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் 1963 இல் அவர் வெளியிட்ட வரைபடம், இன்று உலகெங்கும் புரத ஆய்வாளர்கள் தமது மாதிரிகளைச் சரிபார்க்கும் உரைகல்லாக இருந்து வருகின்றது. பெப்டைட்டு மாலை எந்தெந்தக் கோணங்களில் வளையலாம், எவற்றில் வளையவே முடியாது என்பதை ஒரே படத்தில் காட்டுவது அது. தாமாக ஒன்றுசேரும் பெப்டைட்டுகளை வடிவமைப்போரும் இவ்வடிப்படையிலேயே நிற்கின்றனர்.

இக்கொலாஜனைக் கொதிநீரிற் காய்ச்சினால் முக்கயிறு பிரிந்து ஜெலற்றினாகின்றது. இதனை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னர் தேவைப்படும்.

மதுவத்திற் கிடைத்த எதிர்பாராப் பொருள்

விந்தை என்னவெனில், இராமச்சந்திரனோடு வாதிட்ட அதே அலெக்சாண்டர் ரிச்சின் ஆய்வுகூடத்திலேயே அடுத்த திருப்பமும் நிகழ்ந்தது. அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் அவரிடம் பணியாற்றிய ஷுகுவாங் சாங் என்ற சீன ஆய்வாளர், மதுவத்திலுள்ள புரதமொன்றை ஆராய்ந்தபோது, அதில் ஒரு சிறுபகுதி விசித்திரமான ஒழுங்குடன் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டார். அப்பகுதியின் 16 அமினோ அமிலங்களைத் தனியே செயற்கையாக உருவாக்கி உப்புக்கரைசலில் இட்டபோது, கண்ணுக்குப் புலப்படும் மெல்லிய சவ்வு தோன்றியது. இது 1993 இல் வெளியாயிற்று.

அதன் வழிவந்த மற்றொரு பெப்டைட்டுக்கு ராடா-16 என்று பெயர். அர்ஜினின், அலனின், அஸ்பார்ட்டிக் அமிலம், அலனின் என்ற நான்கு மணிகள் நான்கு முறை மீளக் கோக்கப்பட்ட மாலை அது. மாலை நீட்டி நிற்கும்போது மணிகளின் கைகள் ஒன்றுவிட்டொன்று மேலும் கீழுமாக அமைகின்றன. ஆகவே ஒரு பக்கம் முழுவதும் நீரை வெறுக்கும் அலனின். மறுபக்கம் முழுவதும் மின்னேற்றம் கொண்டவை. நீரை வெறுக்கும் பக்கங்கள் ஒன்றோடொன்று முகம்பொருத்தி ஒளிந்துகொள்கின்றன. மின்னேற்றப் பக்கங்களில் நேர் மறையை ஈர்க்கின்றது. பக்கத்திற் பக்கமாக அடுக்கடுக்காகச் சேர்ந்து, ஏறக்குறைய 10 நனோமீற்றர் தடிப்புள்ள நீண்ட இழை உருவாகின்றது. எமது தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 80,000 நனோமீற்றர் என்பதோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அமிலத்தன்மையுள்ள நீரில் இம்மாலைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு திரவமாகவே இருக்கும். குருதியோ உடலின் வேறு திரவமோ பட்டவுடன் அமிலத்தன்மை நீங்கி, உப்புக்களும் சேர்வதால், இழைகள் பின்னிக் கண்ணாடி போன்ற ஜெல்லாக இறுகுகின்றன. புண்பட்ட இடமே அதனை இறுக்குகின்றது என்பதே இதன் சிறப்பு.

குருதியை நிறுத்துதல்

இப்பெப்டைட்டை நூற்றுக்கு 2.5 பங்கும் எஞ்சியதை நீருமாகக் கொண்ட பியூராஸ்டாட் என்ற பொருள் 2014 இல் ஐரோப்பாவிலும், 2021 இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. உணவுக்குழாயிலோ குடலிலோ அகநோக்கிக் குழாயைச் செலுத்திக் கட்டிகளை அகற்றும்போது கசியும் குருதியின்மீது இதனை மெல்லிய குழாய் வழியாகப் பூசுகின்றனர். ஜெல் ஒளிபுகுவிடுவதால் அதன் அடியில் என்ன நிகழ்கின்றது என்பதை வைத்தியர் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். வெள்ளைத் தூளையோ பஞ்சையோ இட்டால் அந்த வசதி இல்லை. சூட்டுக்கோலால் சுடுவதைக் குறைக்க முடிவதால், மெல்லிய குடற்சுவர் வெந்து பின்னர் துளைபடும் அபாயமும் குறையலாம்.

ஆனால் இது கசிவுக்கான மருந்து. நாடியொன்று வெட்டுண்டு பீறிட்டுப் பாயும் குருதியை இந்த ஜெல் தடுத்து நிறுத்தாது; அங்கு கிளிப்பும் தையலும் சூட்டுக்கோலுமே கைகொடுக்கும்.

பல் மருத்துவத்தில் இதே தத்துவம் வேறு உருவிற் பயன்படுகின்றது. இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான, 11 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு பெப்டைட்டைத் தொடக்கநிலைச் சொத்தையின்மீது ஒரு துளி இட்டால், அது பல்லின் நுண்துளைகளுக்குள் ஊறி, அங்குள்ள அமிலத்தன்மையால் இழைகளாக இறுகுகின்றது. பின்னர் உமிழ்நீரிலுள்ள கல்சியமும் பொஸ்பேற்றும் அவ்விழைகளைச் சாரமாகக் கொண்டு படிகின்றன. மனிதரில் செய்யப்பட்ட முதலாவது சிறிய பரிசோதனை 15 பேரை மட்டும் கொண்டு நடத்தப்பட்டு 2013 இல் வெளியானது. பின்னர் பல ஆய்வுகள் தொடர்ந்தன. குழி விழுந்துவிட்ட பல்லுக்கு இதனாற் பயனில்லை. வெள்ளைப் புள்ளியாகத் தோன்றும் ஆரம்பக் கட்டத்திலேயே பல் வைத்தியரை நாட வேண்டும். வலி எடுக்கும்வரை பல் வைத்தியரை நினையாத எமது வழக்கத்தையும், தேநீருக்கு நாம் இடும் சீனியின் அளவையும் பார்க்கும்போது, இம்மருந்தைவிட ஆண்டுக்கொருமுறை வாயைக் காட்டும் பழக்கமே முதலில் இறக்குமதியாக வேண்டும் போலும். நீண்டகாலமாக நாட்டின் பல் வைத்தியர்களை உருவாக்கிவரும் பீடம் ஹந்தானை அடிவாரத்திலுள்ள பேராதனையிலேயே இருக்கின்றது.

மருந்தை உடலில் தேக்கிவைப்பது மூன்றாவது பயன். லான்ரியோடைட் என்ற ஹோர்மோன் மருந்து எட்டு அமினோ அமிலங்களாலானது. நீரில் அது தானாகவே நுண்குழாய்களாக அமைந்து கெட்டியாகின்றது. தோலின் கீழ் ஆழமாக ஊசியேற்றினால் அக்குழாய்கள் சிறிது சிறிதாகக் கரைந்து நான்கு வாரங்களுக்கு மருந்தை விடுவிக்கின்றன. இன்சுலினும் இவ்வாறே; சதையியில் அது ஆறாறாக, நாகத்தின் துணையுடன் கூடி நிற்கின்றது. டெக்லுடெக் எனும் நீண்டநேர இன்சுலின் ஊசியேற்றிய இடத்தில் நீண்ட சங்கிலிகளாகச் சேர்ந்து, ஒரு நாளுக்கும் மேலாக மெல்ல மெல்லக் கழன்று வருகின்றது. நீரிழிவுக்காரர் பலர் நாளாந்தம் செலுத்திக்கொள்ளும் ஊசிக்குள்ளேயே இவ்வியல்பு ஒளிந்திருக்கின்றது.

முள்ளந்தண்டு: அவசரப்பட வேண்டாம்

மரத்திலிருந்து விழுந்தோ வாகன விபத்திலோ முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டுப் படுக்கையிலிருப்போரை எமது கிராமங்கள் பலவற்றிற் காணலாம். அவர்களின் குடும்பத்தவருக்கு இணையத்தில் வரும் ஒரு செய்தி எத்தகைய கனவை ஊட்டும் என்பதை எண்ணியே இப்பகுதியை எழுத நேர்ந்தது.

2006 இல் வெளியான ஆய்வொன்றில், பார்வை நரம்புப்பாதை வெட்டப்பட்ட ஹாம்ஸ்டர் என்ற எலியின விலங்குகளில், பெப்டைட்டு இழைகளின் ஊடாக நரம்பு மீள வளர்ந்து பார்வை ஓரளவு திரும்பியது. 2021 நவம்பரில் சாமுவேல் ஸ்டப் என்பவரின் அமெரிக்கக் குழு, முள்ளந்தண்டு நசுங்கிய சுண்டெலிகளுக்கு மறுநாள் ஒரேயொரு ஊசியாகப் பெப்டைட்டு இழைகளைச் செலுத்தியது. நான்கு வாரங்களில் அவை நடக்கும் ஆற்றலைப் பெற்றன. ஏறக்குறைய 12 வாரங்களில் இழைகள் கரைந்து மறைந்தன. இழைகளுக்குள்ளே மூலக்கூறுகள் அதிகம் அசைந்தாடினால் விளைவும் அதிகம் என்று கண்டதால், நடனமாடும் மூலக்கூறுகள் என்ற பெயர் ஊடகங்களில் பரவியது.

ஆய்வு உண்மையானது, பெருமைக்குரியது. ஆனால் அது சுண்டெலியில், புதிய காயத்தில், ஒரு நாளுக்குள் செய்யப்பட்டது. பல்லாண்டு பழைய காயத்தில் தழும்பு இறுகிவிடுகின்றது. மனித முள்ளந்தண்டில் நரம்பு கடக்க வேண்டிய தூரமும் பன்மடங்கு. அங்கீகரிக்கப்பட்ட மனித சிகிச்சையாக இது இன்றுவரை எங்கும் இல்லை. வெளிநாட்டில் இச்சிகிச்சை செய்து தருவதாகக் கூறி எவரேனும் முற்பணம் கேட்டால், காணியை விற்கும் முன் தமக்குச் சிகிச்சையளிக்கும் நரம்பியல் வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

பெப்டைட்டுகள் தாமாக ஒன்றுசேர்வது எப்போதும் நன்மைக்கே என்றும் கொள்ளலாகாது. அல்சைமர் நோயாளரின் மூளையிற் படிவதும் இத்தகைய இழைகளே. அந்நோய்ப் புரதத்தின் நடுவிலுள்ள இரண்டே இரண்டு அமினோ அமிலங்கள் போதும், தாமாகவே விறைப்பான நுண்குழாய்களாக அமைவதற்கு என்று 2003 இல் கண்டறியப்பட்டது. ஆகவே புதிய பெப்டைட்டு ஒவ்வொன்றிலும், இது எவ்வளவு காலம் உடலில் தங்கும், எவ்வாறு கரைந்து வெளியேறும் என்பது முதற் கேள்வியாகின்றது. இங்கே பொன்னம்பெருமவின் விண்கல் மீண்டும் நினைவுக்கு வருகின்றது. அமினோ அமிலங்களுக்கு எமது கைகளைப் போல இடம், வலம் உண்டு. உயிர்கள் தமது புரதங்களுக்கு இடவகையையே எடுத்துக்கொள்கின்றன. மேர்ச்சிசன் கல்லில் இரண்டும் கிடைத்தன. இன்று வேண்டுமென்றே வலவகையாற் பெப்டைட்டுகளைச் செய்து பார்க்கின்றனர். எமது நொதியங்களால் அவற்றை எளிதில் வெட்ட முடியாததால் அவை நீண்ட காலம் நிலைக்கின்றன. அந்நிலைப்பு சில இடங்களில் வரம். சில இடங்களில் ஆபத்து.

விலையும் மூலமும்

இவை ஏன் இன்னும் விலையுயர்ந்தவை? மணிகளை ஒவ்வொன்றாகவே கோக்க வேண்டும். அமெரிக்கரான புரூஸ் மெரிபீல்ட் 1963 இல், முதல் மணியை ஒரு பிசின் உருண்டையில் ஒட்டி, அடுத்தடுத்த மணிகளைச் சேர்த்துக் கழுவும் முறையைக் கண்டார். 1984 இல் நோபல் பரிசும் பெற்றார். 16 மணி மாலைக்கு 15 இணைப்புக்கள் தேவை. ஒவ்வொரு இணைப்பும் நூற்றுக்கு 99 வீதம் வெற்றியளித்தால் இறுதியில் 86 வீதம் சரியான மாலை கிடைக்கும். அது 95 வீதமாகக் குறைந்தாலோ பாதிக்கும் குறைவே மிஞ்சும். எஞ்சியவற்றைப் பிரித்தகற்றிக் கிருமியற்றதாக்குவதிலேயே பெருஞ்செலவு ஏற்படுகின்றது. ஆய்வளவில் ஒரு பெப்டைட்டைச் செய்வதும் அதன் இயல்பை அளப்பதும் ஹந்தானையிலோ பேராதனையிலோ எட்டாத காரியமல்ல, மருந்தாக்குவதே நெடும்பயணம்.

இச்செலவை இன்னொரு பக்கத்திலிருந்தும் நோக்க வேண்டும். குருதியை நிறுத்த உலகெங்கும் பயன்படும் பஞ்சுகளும் பசைகளும் பல, பன்றித்தோலின் ஜெலற்றினாலோ மாட்டின் கொலாஜனாலோ செய்யப்படுகின்றன. 1990களில் பிரித்தானியாவின் பித்துப்பசு நோய் மாட்டுவழிப் பொருட்கள்மீது மருத்துவ உலகின் ஐயத்தைக் கூட்டியது. முஸ்லிம்களுக்குப் பன்றியும் இந்துக்கள் பலருக்கு மாடும் மனச்சான்றைத் தொடும் விடயங்கள். உயிர் காக்கும் நிர்ப்பந்தத்தில், மாற்று இல்லாதபோது, விலக்கப்பட்டதும் அனுமதிக்கப்படும் என்பது மார்க்க அறிஞர்களின் பொதுவான நிலைப்பாடு. முற்றாக உருமாறிய ஜெலற்றின் பற்றி அவர்களிடையே கருத்து வேறுபாடும் உண்டு. தீர்ப்பு எதுவாயினும், மாற்று ஒன்று கைக்கெட்டுமாயின் கேள்வியே எழாது. செயற்கைப் பெப்டைட்டில் விலங்கின் பங்கு ஏதுமில்லை. தாவரச் செலுலோசில் செய்யப்படும் குருதி நிறுத்தும் துணியும் ஏற்கெனவே பாவனையில் உள்ளது என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும்.

இன்சுலினில் இதனை ஒருமுறை கண்டிருக்கின்றோம். பல தசாப்தங்கள் பன்றியினதும் மாட்டினதும் சதையியிலிருந்து எடுக்கப்பட்ட அம்மருந்து, 1982 இல் நுண்ணுயிரில் உருவாக்கிய மனித இன்சுலினுக்கு அமெரிக்கா அனுமதி வழங்கிய பின்னர் படிப்படியாக மாறியது. மதத்தைக் கருதி நிகழ்ந்த மாற்றமல்ல அது. தூய்மையும் போதிய அளவுமே காரணம். எனினும் எத்தனையோ வீடுகளில் ஒரு நெருடல் அதனோடு நீங்கிற்று.

திகதி குறிக்கப்பட்ட சத்திரசிகிச்சைக்குச் செல்வோர், குருதி நிறுத்தவோ காயத்தை மூடவோ பயன்படுத்தப்போகும் பொருள் எதிலிருந்து எடுக்கப்பட்டது, அதற்கு மாற்று உண்டா, மாற்றினால் தாமதமோ ஆபத்தோ ஏற்படுமா என்ற மூன்றையும் முன்கூட்டியே வைத்தியரிடம் வினவலாம். மூலப்பொருள் பற்றிய விபரத்தைப் பொதியினுள் வரும் தாளில் தேடலாம். அவசர சிகிச்சையில் இதற்கெல்லாம் அவகாசம் இராது. அங்கு கையிலிருப்பதைக் கொண்டே வைத்தியர் உயிரைக் காக்க வேண்டியிருக்கும்.